பொட்டலம் பிரிக்கிற அக்கா

எங்கள் வீட்டுக்கு யார் எதைக் கொண்டுவந்தாலும் அதைப் பிரித்துப் பார்க்கும் உரிமை கீழ்வீட்டு அக்காவுக்கு இருந்தது. நாங்கள் கொடுத்த உரிமை இல்லை, அவராகவே எடுத்துக்கொண்டது. பசுமலையில் மேட்டிலிருந்து இறங்கும் ஒரு சந்தில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம், அவர் கீழே. மாடிப்படி அவர் வாசலை ஒட்டித்தான் ஏறும். கையில் பையோடு வருகிற எவரும் அவரைத் தாண்டாமல் எங்களிடம் வந்து சேர முடியாது. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் கொண்டுவரும் வெற்றிலைபாக்குப் பைகூட அவர் கையில் ஒருமுறை அவிழ்ந்து, மறுபடி கட்டப்பட்டுத்தான் மேலே வரும்.

"உள்ள என்ன?" இதுதான் அவர் யாரிடமும் கேட்கும் முதல் கேள்வி. வா, உட்கார், சாப்பிட்டியா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வேகமான நடை. இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு கிரைண்டர் ஓயாமல் சுற்றும், அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவர் குரல் எப்போதும் ஒரு கட்டை கூடுதலாகவே இருக்கும். வலது கை கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வளர்த்து வைத்திருந்தார். முடிச்சு அவிழ்ப்பதற்காகத்தான். கத்தரிக்கோலை நீட்டினால் வாங்க மாட்டார். "கயிறு மறுக்கா கட்டுறதுக்கு வேணும்ல" என்பார். எவ்வளவு சிடுக்கான முடிச்சானாலும் அந்த நகத்தை உள்ளே விட்டு நோண்டி அவிழ்த்துவிடுவார். பார்த்து முடித்ததும் திரும்பக் கட்டிக் கொடுப்பார். முன்பு இருந்ததைவிடக் கச்சிதமாக இருக்கும். இதை அவருடைய எதிரிகளும் ஒத்துக்கொள்வார்கள். எங்கள் சந்தில் மட்டும் அப்படி நாலு பேர் இருந்தார்கள்.

என் கணவர் ஐந்தாவது ஆள். அவர் ஆசைப்பட்டு ஆன்லைனில் ஒரு ஷூ வாங்கினார். கொரியர்க்காரர் வந்தபோது நாங்கள் இருவரும் வேலையில் இருந்தோம். அக்கா பெட்டியை வாங்கி, அந்த ஆளை நிற்க வைத்துக்கொண்டே பிரித்து, மாடிப்படியில் கிடந்த இவருடைய பழைய செருப்பின் மேல் ஷூவை வைத்துப் பார்த்திருக்கிறார். "இது தம்பிக்குப் பத்தாது, கொண்டு போயிரு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் இவர் குதித்த குதி இருக்கிறதே. "எங்காலு எம்புட்டுன்னு இவங்களுக்கு என்ன தெரியும்?" என்று கத்தினார். பிறகு போனைத் திறந்து பார்த்தால், ஒன்பதாம் சைஸுக்குப் பதில் ஏழாம் சைஸை அமுக்கி ஆர்டர் போட்டிருக்கிறார். அப்படியும் ஆறவில்லை. "அவங்க சொன்னது சரியாவே இருக்கட்டும். செஞ்சது தப்புதான்" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அந்தக் கட்சிதான்.

எல்லா நேரமும் ஷூ மாதிரி நல்லபடியாக முடியாது. அடுத்த தெருவில் ஒரு புதுவீட்டுக்குப் பால்காய்ச்சியபோது, வந்த பரிசுப் பெட்டிகளை அக்கா ஒரு பக்கமாக உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிட்டார். கொடுத்தவர்கள் இன்னும் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். "இதுவும் கடியாரந்தான். மொத்தம் மூணு" என்று அறிவித்தார். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த பெட்டியில் ஒரு எவர்சில்வர் அண்டா. அதன் விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. அக்கா கண்ணாடியை மாட்டி எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார். வீட்டுக்காரர் பெயரும் இல்லை, கொடுத்தவர் பெயரும் இல்லை. யாரோ யாருக்கோ என்றைக்கோ கல்யாணத்துக்குச் செய்தது, கைமாறி இங்கே வந்திருக்கிறது. கொடுத்த மனிதர் பாயசத்தை அப்படியே இலையில் விட்டுவிட்டு எழுந்து போனார். அந்த இரண்டு குடும்பமும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. "ஏன் அக்கா இப்பிடிப் பண்றீங்க?" என்று கேட்டேன். "என்ன இருக்குன்னு பாக்காம எப்பிடித்தா வீட்டுக்குள்ள வைக்கிறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எனக்கு அவர்மேல் பெரிய கோபம் வந்தது ஒரு பஸ்ஸில். என் அம்மா வீடு எழுமலையில். அக்காவுக்கும் அந்தப் பக்கம்தான் சொந்த ஊர் என்பதால் ஒருமுறை சேர்ந்து போனோம். கூட்டம் நெரிந்தது. எங்கள் பக்கத்துப் பஸ்களில், நிற்கிறவர்கள் தங்கள் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் கொடுத்துவிடுவார்கள். யாரும் பெயர் ஊர் கேட்பதில்லை, வாங்கி வைத்துக்கொள்வோம். ஒருவர் அப்படித்தான், "கொஞ்சம் வச்சுக்கிருங்கக்கா" என்று ஒரு பையை அக்காவிடம் நீட்டினார்.

"உள்ள என்ன?"

"துணிமணிதான்க்கா."

அக்கா பையின் வாயைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தார். இரண்டு சட்டை, ஒரு துண்டு, சாப்பாட்டு டப்பா. டப்பாவையும் திறந்தார். புளிச்சோற்று வாசனை பஸ் முழுக்க அடித்தது. அந்த ஆளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னக்கா, போலீசா நீங்க?"

"போலீசா இருந்தா கேக்காமயே பிரிப்பேன். நான் கேட்டுட்டுத்தானப்பா பிரிச்சேன்."

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவரோடு வரவில்லை என்பது போல உசிலம்பட்டி வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். சாதாரண மனிதர், நம்பிக் கொடுத்த பை. அதைப் போய்க் கிளறினால் அவருக்கு எப்படி இருக்கும்? இறங்கும்போது அந்த ஆள் பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனதை என்னால் வெகுநாள் மறக்க முடியவில்லை.

மாவு அரைப்பதற்கு முன்னால் அக்கா துபாய்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி லாண்டரியில் பல வருடம் வேலை பார்த்தவர். இது சந்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைப் பற்றி அவர் பேச மாட்டார். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் வாயை மூடவே மாட்டார்கள், இவர் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். கேட்டால், "வேலை இருந்துச்சு, பாத்தேன், வந்துட்டேன்" என்று முடித்துவிட்டுக் கிரைண்டரைப் போட்டுவிடுவார். அதற்கு மேல் பேச முடியாது.

எனக்கே துபாயில் வேலை கிடைத்தபோது இந்த அக்காவிடம்தான் முதலில் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீசியனாக இருந்தேன். இரண்டு வருடமாகப் பரீட்சை எழுதி, லைசென்சுக்குக் காத்திருந்து, கடைசியில் ஒரு மருத்துவமனையிலிருந்து வேலை வந்தது. விசாவும் வந்தது. இங்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலு வயது மகளை எழுமலையில் அம்மாவிடம் விடுவது என்றும், நான் போய்க் காலூன்றியதும் கணவரும் மகளும் வருவது என்றும் முடிவானது. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் எல்லாம் போச்சு. திரும்பி வந்தால் உட்கார இடம் இல்லை. கிளம்புவதற்கு முந்தைய பத்து நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை.

அக்காவிடம் நான் சொல்லாவிட்டால் என்ன, மாடிப்படி சொல்லிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர் விமானம் ஏறப் போகிறார் என்றால், அந்த நாட்டில் மகனோ மருமகனோ இருக்கிற அத்தனை பேரும் ஒரு பொட்டலத்தோடு வந்துவிடுவார்கள். கொடுத்து விடுவது என்று அதற்குப் பெயர். வாங்க மாட்டேன் என்று சொல்லவே முடியாது. சொன்னால் அடுத்த காதுகுத்துக்கு நம் வீட்டுக்கு வர மாட்டார்கள். மூன்றே நாளில் எங்கள் கூடத்தில் நடக்க இடமில்லை. ஊறுகாய் பாட்டில், அப்பளக்கட்டு, சாமி பிரசாதம், யாருடைய மாமியாரோ கொடுத்த மூட்டுவலித் தைலம்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் காலையில் அக்கா தூக்குத் தராசோடு மேலே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. கூடத்தின் நடுவில் உட்கார்ந்தார். "எல்லாத்தையும் கொட்டுத்தா" என்றார்.

எழுமலையிலிருந்து என்னை அனுப்பிவைக்க வந்திருந்த அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் ஒவ்வொரு பொட்டலத்தையும் வேட்டித் துணியில் வைத்துத் தைத்து, மேலே பேனாவால் பெயர் எழுதியிருந்தார். அத்தனை தையலையும் அக்கா அந்த நகத்தால் பிரித்தார். டாக்டர் சீட்டு இல்லாத மாத்திரைகளை ஒதுக்கினார். தைலத்தை ஒதுக்கினார். அம்மா அரைத்த கறிமசாலாவை உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தார்.

"கசகசா போட்டியளா?"

"பின்ன, போடாமயா?"

"அப்ப இது போகாது. கசகசாவும் அபினியும் ஒரே செடி. அந்த ஊர்ல அது ஆகாது. புடிச்சா உள்ளதான்."

அம்மா சிரித்துவிட்டார். குருமாவில் போடுகிறதற்கு யாராவது ஜெயிலில் போடுவார்களா? எனக்கும் நம்பிக்கை இல்லை. போனை எடுத்துத் தேடிப் பார்த்தேன். அக்கா சொன்னது உண்மைதான். அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு மசாலாவை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். அக்கா மீதி எல்லாவற்றையும் மறுபடி கட்டி, எது எதில் என்ன இருக்கிறது என்று என்னையே ஒரு தாளில் எழுதச் சொன்னார். எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனாலும் வாசித்தேன். பெட்டியை மூடினோம்.

மத்தியானம் கல்லுப்பட்டியிலிருந்து அத்தை வந்தார், என் தாய்மாமனின் மனைவி. அவர் எங்கள் வீட்டுப் படி ஏறி ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர் மகனுக்கு என்னைக் கேட்டார்கள், எங்கள் வீட்டில் கொடுக்கவில்லை. அதிலிருந்து பேச்சு இல்லை. அந்த மகன் இப்போது துபாயில் ஏசி மெக்கானிக். மகனுக்குக் கொடுத்து விட ஒரு பொட்டலத்தோடு அத்தை வந்து நிற்கிறார் என்றால், அது சமாதானம். அம்மா கண் கலங்கிவிட்டார். ஓடிப்போய்க் காபி போட்டார்.

அக்கா தராசோடு பின்னாலேயே மேலே வந்து உட்கார்ந்தார். "உள்ள என்ன?" என்றார்.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எம்மகனுக்கு முறுக்கும் ரெண்டு கைலியும். போதுமா?"

"பிரிச்சுப் பாத்துருவோமே."

"ஏன், நான் என்ன திருட்டுச் சாமானா கொண்டாந்துருக்கேன்?" அத்தை என் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "நீங்க பொண்ணு குடுக்காதப்பகூட எனக்கு இம்புட்டு அசிங்கமா இல்ல."

அம்மா என் கையைப் பிடித்தார். "இத மட்டும் விட்டுறச் சொல்லுத்தா" என்று என் காதில் சொன்னார். எனக்கு அந்தப் பஸ் ஞாபகம் வந்தது. அதைவிட, ஆறு வருடம் கழித்து வந்திருக்கும் மனுஷியை மறுபடி அவமானப்படுத்தி அனுப்ப எனக்கு மனமில்லை. நான் கோபக்காரி, வந்தால் வார்த்தையை அளக்க மாட்டேன்.

"அக்கா, இது எங்க குடும்பத்து விசயம். நீங்க கீழ போங்க" என்றேன்.

அக்கா தராசை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் போன பிறகு கூடத்தில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. அம்மாவும் அத்தையும் காபி குடித்துக்கொண்டே அழுது, சிரித்து, பழைய கதை பேசினார்கள். நான் பொட்டலத்தைப் பெட்டியின் மேல் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் வெளியே போய்விட்டு வந்தார். "அக்கா படியிலயே உக்காந்துருக்காங்க. கிரைண்டர்ல மாவு பொங்கி வழியுது, எந்திரிக்க மாட்டேங்குறாங்க. என்ன சொன்ன நீ?" என்று கேட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. கீழே இறங்கிப் போனேன்.

அக்கா நாலாவது படியில் உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

"உங்கத்தையக் குத்தம் சொல்லலத்தா. நானும் ஒருக்கா இப்பிடிப் பொட்டலம் கேட்டவதான்" என்றார்.

"என்னக்கா கேட்டீங்க?"

"கசகசா. அங்க இருந்தப்ப. எனக்குக் குருமா ஆசை. என் தங்கச்சிட்ட சொல்லி, எங்க ஊருக்காரரு ஒருத்தருட்ட குடுத்து விடச் சொன்னேன். கொத்தனாரு. ரெண்டு பிள்ளைக இருந்துச்சு அவருக்கு. மொத மொதல்ல வேலைக்கு வாராரு. உள்ள என்னன்னு அவருக்குத் தெரியாது. அது அங்க ஆகாதுன்னு எனக்கும் அரைகுறையாத்தான் தெரியும். இம்புட்டுத்தானே, என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டேன்."

கீழே கிரைண்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் முதன்முறையாக மெதுவாகப் பேசினார். நான் இன்னும் ஒரு படி இறங்கிப் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

"பொட்டலத்த வாங்க ஏர்போட்டு வாசல்ல போயி நின்னேன். கூட வந்த ஆளுக எல்லாம் வெளிய வந்துட்டாக. அவரு வரல. ஒருத்தருட்ட கேட்டேன். மதுரைக்காரர் ஒருத்தரப் புடிச்சு வச்சிருக்காங்க, பையில என்னமோ இருந்துச்சாம்னு சொன்னாரு. என்னதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. உள்ள போயி, சாமி, அது எம் பொட்டலம், அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருக்கணும்ல?"

அந்த நகத்தால் படியைச் சுரண்டினார்.

"சொல்லலத்தா. பஸ் ஏறி ரூமுக்குப் போயிட்டேன்."

அந்த மனிதர் எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். கடைசி வரைக்கும் பொட்டலம் தன்னுடையதுதான் என்றே சொல்லியிருக்கிறார். ஒரு பொம்பளையைக் காட்டிக் கொடுத்தால் அவளையும் பிடித்துக்கொள்வார்களே என்று நினைத்திருக்கிறார். அவருடைய அம்மா இன்றைக்கும் ஊரில் அக்காவைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரிக்கிறாராம். மகன் யாருக்காக உள்ளே இருந்தான் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"நான் இனிமே உங்கத்தை பொட்டலத்தத் தொட மாட்டேன். நீ பிரி. நீயே பிரிச்சுப் பாரு. அது போதும்" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து மாவைப் பார்க்கப் போனார்.

நான் அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே அம்மாவும் அத்தையும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பை நான்தான் கெடுக்க வேண்டும். பிறகு மேலே போனேன். பொட்டலத்தை எடுத்து அத்தைக்கு முன்னால் வைத்தேன்.

"அத்தை, நான் இதைப் பிரிக்கப் போறேன். என்னையத் திட்டணும்னா திட்டிக்கிருங்க."

அத்தை முகம் மாறியது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். நான் நிமிர்ந்து பார்க்காமல் பிரித்தேன். எனக்கு நகம் இல்லை, பல்லால் கடித்துத் தையலைப் பிரித்தேன். முறுக்கு டப்பா. இரண்டு கைலி, இறுக்கிச் சுருட்டியிருந்தது. கைலி ஏன் இவ்வளவு கனக்கிறது என்று ஒன்றை உதறினேன். உள்ளிருந்து ஒரு மசாலாப் பாக்கெட் விழுந்தது. இன்னொன்றை உதறினேன். கால் கிலோ கசகசா, வெள்ளை வெளேர் என்று.

அத்தை அதை ஒளித்து வைக்கவில்லை. பெட்டியில் நசுங்கி உடைந்துவிடக் கூடாது என்று துணிக்குள் பத்திரமாகச் சுருட்டி வைத்திருக்கிறார். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கட்டுவோம். ஆனால் அதை அங்கே மேசையில் போட்டு ஒருவர் பிரித்தால் அவர் கண்ணுக்கு என்னவாகத் தெரியும்?

விஷயத்தைச் சொன்னேன். அத்தை முதலில் நம்பவில்லை. பிறகு திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டார். "போன்ல அவன் சொன்னான்த்தா. கசகசா வைக்காதம்மா, வேணாம்மான்னு சொன்னான். நான் கிடந்து சிரமப்படக் கூடாதுன்னு சொல்றான்னு நெனச்சேன். வேணாம்னு சொல்றதுக்குப் பிள்ளைக்கு வேற என்ன காரணம் இருக்கும்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டார். "உன்னைய உள்ள தள்ளப் பாத்தேனே" என்று அழுதார். ஆறு வருடச் சண்டை அந்த அழுகையில்தான் உண்மையில் முடிந்தது. காபியில் முடிந்தது என்று நாங்கள் நினைத்ததெல்லாம் சும்மா.

சாயங்காலம் அத்தையே கீழே போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை. கைலிகளை நன்றாக உதறி, மறுபடி சுருட்டி, முறுக்கு டப்பாவோடு சேர்த்துக் கட்டினார். தாளில் "கைலி இரண்டு, முறுக்கு" என்று என்னை எழுத வைத்தார்.

இதெல்லாம் நடந்து ஏழு வருடம் ஆகிறது. அக்கா பிறகு கிரைண்டர்களை விற்றுவிட்டு எழுமலையில் தங்கை வீட்டோடு போய்விட்டார். அந்தக் கொத்தனார் வீட்டுக்குப் போனாரா, அந்த அம்மாவிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்க வேண்டும் என்று நினைப்பேன், கேட்டதில்லை. பிரிக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. போன தடவை நான் கொண்டுபோன சாக்லேட் பெட்டியை என் கையிலிருந்து வாங்கும்போதே பிரித்துவிட்டார். என் கணவர் இப்போது அதைப் பார்த்துக் கோபப்படுவதில்லை.

நான் கிளம்பிய அன்று காலை விமானம். துபாயில் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு பெண் அதிகாரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பெட்டியை மேசையில் வைத்துத் திறக்கச் சொன்னார். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். அத்தையின் கட்டைப் பிரித்தார். சுருட்டியிருந்த கைலியை எடுத்து, கையில் வைத்து அமுக்கிப் பார்த்தார். பிறகு அதை விரித்து உதறினார். உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், அதை உதறியதைக் கண்ணால் பார்த்தவள் நான். அப்படியும் பொருள் எழுதிய தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் இரண்டாவது கைலியையும் உதறினார். என் கையில் இருந்த தாளைப் பார்த்து என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். லேசாகச் சிரித்து, போகலாம் என்று கையைக் காட்டினார்.

பெட்டியை எப்படி மூடினேன் என்று நினைவில்லை. நிம்மதி என்று நாம் சும்மா சொல்லிக்கொண்டு திரிகிறோம். அது உடம்பு முழுக்க இறங்குகிற ஒன்று என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பசித்தது. பத்து நாளாகப் பசித்ததில்லை.

வெளியே மாமா மகன் நின்றுகொண்டிருந்தார். ஆறு வருடம் கழித்துப் பார்க்கிறோம். "அம்மா மசாலா ஏதும் குடுத்து விட்டுச்சா?" என்று பயந்தபடி கேட்டார். இல்லை என்றதும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். தன் போனைக் கொடுத்து வீட்டுக்குப் பேசச் சொன்னார். கணவரிடம் பேசினேன், மகளிடம் பேசினேன். "அக்கா காலையிலருந்து படியிலதான் உக்காந்துருக்காங்க. குடுக்குறேன், ஒரு வார்த்தை பேசு" என்றார் கணவர்.

"வெளிய வந்துட்டியாத்தா?" அக்காவின் குரல்.

"வந்துட்டேன் அக்கா."

"வாசலுக்கு வெளியவா? ரோடு தெரியுதா?"

"தெரியுது அக்கா. கார் போறது தெரியுது."

கிரைண்டர் சத்தம்கூட இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"உன்னையக் கூட்டிட்டுப் போக வந்த தம்பி பக்கத்துல இருக்கா? அதுட்ட குடு" என்றார்.

கொடுத்தேன். அவர் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமாங்க" என்றார். "இல்லங்க, ரொம்ப நேரமாத்தான் நிக்கிறேன்" என்றார். "இல்லல்ல, போகல" என்றார். போனை வைத்துவிட்டு என்னைக் குழப்பத்தோடு பார்த்தார்.

"யாரு இவங்க? 'அவ வர நேரமானப்பகூட நீ போயிறாம நின்னியே தம்பி, நீ நல்லா இருப்ப'ன்னு சொல்லி அழுகுறாங்க. கூட்டிட்டுப் போக வந்தவன், நான் எதுக்குப் போகப் போறேன்?"

"எங்க கீழ்வீட்டு அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனேன்.